பதினாறு மில்லி தள்ளிப்போன ஓட்டை

அலுவலகத்தில் அவளை எல்லோரும் ஸ்கேல் என்றுதான் கூப்பிட்டார்கள். ஒட்டடைக்கொம்பு மாதிரி உயரம் என்பது ஒரு காரணம். எந்த வரைபடத்தைக் கொடுத்தாலும் அரை மில்லிமீட்டர் பிசகைக்கூடக் கண்ணாலேயே பிடித்துவிடுவாள் என்பது இன்னொன்று. முப்பத்தாறு வயது. கணவர் மருந்துக்கடை வைத்திருக்கிறார், ஒரே மகள் ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள், வளர்ந்த தெருவிலேயே சொந்த வீடு, சர்க்கரையோ ரத்த அழுத்தமோ கிடையாது. வெளியிலிருந்து பார்த்தால் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் அவள் வயிற்றுக்குள் பதினேழு வருடமாக ஓர் அடுப்பு அணையாமல் எரிந்துகொண்டிருந்தது. அந்த அடுப்புக்கு விறகு, அவளுடைய சித்தி மகள்.

சித்தி மகள் அவளைவிட மூன்றே மாதம் இளையவள். இரண்டு வீடும் எதிரெதிரே. நடுவில் இருந்த தெருவில் ஒரு சைக்கிள் போனால் இன்னொரு சைக்கிள் நின்று வழிவிட வேண்டும். அவ்வளவு பக்கத்தில் இரண்டு பெண்பிள்ளைகள் வளர்ந்தால் ஒப்பிடாமல் யாரால் இருக்க முடியும்? மார்க்கு, உயரம், தலைமுடி, கையெழுத்து, பல்வரிசை என்று ஒன்று விடாமல் தராசில் வைத்தார்கள். ஸ்கேல் கணக்கில் தொண்ணூறு வாங்கினால் எதிர் வீட்டில் திட்டு விழும். சித்தி மகள் ஓட்டப் பந்தயத்தில் ஜெயித்தால் இந்த வீட்டில் விழும். "அவளுக்கும் உன்னை மாதிரி ரெண்டு கால்தானேடி?" என்பாள் அம்மா. அதோடு, மூன்று மாதம் மூத்த பாவத்துக்கு அவள் 'அக்கா' ஆகிவிட்டாள். "அக்காதானே, விட்டுக்கொடு" என்று சொல்லிச் சொல்லியே பாதி பொம்மைகளைப் பிடுங்கிக்கொண்டார்கள்.

டிப்ளமோவையும் இருவரும் ஒன்றாகவே முடித்தார்கள். பிறகு கம்ப்யூட்டரில் பொறியியல் வரைபடம் போடக் கற்றுக்கொள்ள ஆறு மாத வகுப்பில் சேர்ந்தார்கள். டயர் கடைக்கு மேலே ஒரு நீள அறை. இருபது பேருக்குப் பத்து கம்ப்யூட்டர். ஜன்னலைத் திறந்தால் ரப்பர் நாற்றம், மூடினால் புழுக்கம். இரண்டு பேருக்கு ஓர் இயந்திரம் என்பதால் ஸ்கேல் விசைப்பலகையை எடுத்துக்கொண்டாள், சித்தி மகள் மவுஸைப் பிடித்துக்கொண்டாள். பிடித்தவள் கடைசிவரை விடவேயில்லை. அதனால் வகுப்பே அவளுக்கு 'எலி' என்று பேர் வைத்தது.

வாத்தியார் இவர்களைவிட நாலைந்து வயதே பெரியவர். மேஜைமேல் ஏறி உட்கார்ந்துகொண்டு பாடம் எடுப்பார். "கம்ப்யூட்டருக்குள்ள பேப்பரே கிடையாதுன்னு நினைச்சுக்கோங்க. ஊசின்னா ஊசி சைஸ்லயே போடு, பாலம்னா பாலம் சைஸ்லயே போடு. சின்னதாக்கறது பெருசாக்கறது எல்லாம் பிரிண்ட் எடுக்கும்போது பார்த்துக்கலாம்" என்பார். முதல் புள்ளியை எங்கே வைப்பது, நடுக்கோட்டை ஓர் அடுக்கிலும் அளவுகளை இன்னோர் அடுக்கிலும் ஏன் பிரித்துப் போடுவது என்றெல்லாம் சொல்லித் தந்தார். ஸ்கேல் அத்தனை கட்டளைகளையும் மனப்பாடம் செய்தாள். கோடு, வட்டம், வெட்டு, நகர்த்து எல்லாம் அவள் விரல் நுனியிலிருந்து பொரி மாதிரி தெறிக்கும்.

மூன்றாம் மாதம் ஒரு பரீட்சை வைத்தார். அன்று மட்டும் ஆளுக்கோர் இயந்திரம். நூறு மில்லி நீளத் தட்டு, நான்கு மூலையில் நான்கு ஓட்டை, நட்டநடுவில் ஒன்று. ஸ்கேல் இருபத்தொரு நிமிடத்தில் முடித்துவிட்டுக் கைகட்டி உட்கார்ந்தாள். எலி நாற்பது நிமிடம் எடுத்தாள். 'இன்றைக்குத்தான் நமக்கு விடிந்தது' என்று ஸ்கேல் நினைத்த நேரத்தில் வாத்தியார், "தட்டு நூறு இல்ல, நூத்தி இருபது. மாத்துங்க" என்றார்.

எலி ஒரே ஓர் எண்ணை மாற்றினாள். தட்டு நீண்டது. மூலை ஓட்டைகள் விளிம்போடு சேர்ந்து நகர்ந்தன. நடு ஓட்டை தானாகப் போய்ப் புது நடுவில் உட்கார்ந்தது. ஸ்கேலின் தட்டு ஒரு பக்கம் மட்டும் நீண்டது. ஓட்டைகள், ரயில் கிளம்பிப்போன பிறகும் பிளாட்பாரத்தில் நிற்கிறவர்கள் மாதிரி, நின்ற இடத்திலேயே நின்றன.

"நீ கோடு போட்டிருக்கே, அவ உறவு போட்டிருக்கா" என்றார் வாத்தியார். "இது நடுவுல இருக்கணும், இது விளிம்புலேருந்து பத்து மில்லி தள்ளி இருக்கணும்னு சொல்லி வச்சிருக்கா. நம்பர் மாறினாலும் அந்தச் சொல் மாறாது."

வகுப்பே எலியின் திரையைச் சுற்றி நின்றது. ஸ்கேலின் திரைக்கு முன்னால் ஸ்கேல் மட்டும் உட்கார்ந்திருந்தாள். அடுப்பில் முதல் விறகு விழுந்தது அன்றைக்குத்தான்.

வேலை முதலில் கிடைத்தது ஸ்கேலுக்கு. ஆஸ்பத்திரிக் கட்டிலும் சக்கர நாற்காலியும் செய்கிற தொழிற்சாலை. கீழே ஒர்க்‌ஷாப், மாடியில் டிசைன் பிரிவு. எட்டு வருடம் அங்கே அவள் வைத்ததுதான் சட்டம். ஒன்பதாம் வருடம் எலி வேலை பார்த்த கம்பெனியை மூடிவிட்டார்கள். அம்மா காலையும் மாலையும் நச்சரித்தாள்: "உன் தங்கச்சிதானே? ஒரு வார்த்தை சொன்னா உன் வாயில இருக்கற முத்து உதிர்ந்துடுமா?" முத்து உதிரட்டும் என்று ஸ்கேல் போய்ச் சொன்னாள். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அது இதுதான்.

வந்த இரண்டு வருடத்தில் எலி மாடியையே தன் பக்கம் திருப்பிவிட்டாள். டிசைன் தலைவரைப் பெரியசார் என்பார்கள். அவர் அறையிலிருந்து வெளியே வந்தால் நேரே எலியின் மேஜைக்குத்தான் போவார். ஸ்கேலைச் சரிபார்க்கும் வேலைக்குப் போட்டார்கள். ஒவ்வொரு தாளின் வலது கீழ் மூலையிலும் மூன்று கட்டம் இருக்கும்: வரைந்தவர், சரிபார்த்தவர், ஒப்புதல். நடுக் கட்டம் அவளுடையது. பொறுப்பான வேலைதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் தப்பில்லாத படத்தைப் பார்த்து யாராவது சரிபார்த்தவளுக்குக் கைதட்டியிருக்கிறார்களா? தப்பைக் கண்டுபிடித்தால் வரைந்தவர் முறைப்பார், விட்டுவிட்டால் ஊரே முறைக்கும். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்ற கதைதான்.

எலி வரைவதை எல்லாம் நாள்முழுக்கச் சிவப்புப் பேனாவோடு பார்த்துக்கொண்டிருப்பதே அவளுடைய பிழைப்பாகிவிட்டது. அவ்வளவும் நன்றாக இருந்ததுதான் கொடுமை.

எலி வந்த எட்டாம் வருடம் குழந்தைகளுக்கான மடக்கு நாற்காலி ஒன்று செய்ய ஆர்டர் வந்தது. நடக்க முடியாத பிள்ளைகள் படிக்கிற ஒரு பள்ளிக்கூடம் கேட்டிருந்தது. உட்காரும் அகலம் முந்நூறு, முந்நூற்று நாற்பது, முந்நூற்று எண்பது மில்லி என மூன்று அளவு வேண்டும். மூன்று நாற்காலியைத் தனித்தனியாக வரைய இரண்டு மாதம் ஆகும் என்று எல்லோரும் கணக்குப் போட்டபோது, எலி ஒன்றையே வரைந்தாள். மூன்றாம் வாரம் கூட்ட அறையில் பெரிய திரையில் போட்டுக் காட்டினாள். அகலம் என்ற இடத்தில் முந்நூறு என்று அடித்தாள். நாற்காலி ஒடுங்கியது. முந்நூற்று எண்பது என்று அடித்தாள். மூச்சை இழுத்து நெஞ்சை விரிக்கிற ஆள் மாதிரி நாற்காலி விரிந்தது. இருக்கை, கைப்பிடி, கால் தாங்கி, அச்சு எல்லாம் அதனதன் இடத்துக்குச் சண்டையில்லாமல் நகர்ந்தன.

"இதுதான் டிசைன்!" என்று பெரியசார் மேஜையைத் தட்டினார். எல்லோரும் கைதட்டினார்கள். ஸ்கேலும் தட்டினாள். எலிக்கு ஒரு பழக்கம் உண்டு, உட்கார்ந்தால் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலைத் தரையில் தேய்ப்பாள். ஸ்கேல் திரையைப் பார்க்கப் பிடிக்காமல் மேஜைக்கடியில் அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். இவ்வளவு பெரிய காரியத்தைச் செய்துவிட்டுக் காலைத் தேய்த்துக்கொண்டு உட்கார ஒருத்தியால் எப்படி முடிகிறது?

"பார்க்க நல்லாத்தான் இருக்கு. இரும்புல செஞ்சு பார்த்தாத்தானே தெரியும்" என்றாள் பக்கத்தில் இருந்தவரிடம். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதைதான். அது அவளுக்கே காதில் விழுந்தது.

அன்றைக்குக் காட்டிய நாற்காலியில் ஒன்று மட்டும் பாக்கி இருந்தது. இருக்கைக்கு அடியில் கத்தரிக்கோல் மாதிரி குறுக்கே போகிற இரண்டு சட்டங்கள். நடுவில் ஓர் ஆணியில் மாட்டி இருக்கும், அதை வைத்துத்தான் நாற்காலி மடங்கும். எலி அதைக் கடைசி வாரத்தில், பள்ளிக்கூடம் அவசரப்படுத்திய பிறகு, போட்டு முடித்தாள்.

திங்கட்கிழமை முப்பத்திரண்டு தாள்கள் ஸ்கேலின் மேஜைக்கு வந்தன. பத்தொன்பதாம் தாளில் கை நின்றது. முந்நூற்று எண்பது அளவு நாற்காலியின் குறுக்குச் சட்டம். மொத்த நீளம் 452. ஓட்டை கீழ் முனையிலிருந்து 210. கழித்துப் பார்க்க அவளுக்குப் பேனா தேவையில்லை. மேலே 242 மிச்சம். நட்டநடுவில் இருக்க வேண்டிய ஓட்டை பதினாறு மில்லி கீழே இறங்கி இருந்தது. முந்தைய தாளைப் புரட்டினாள். நடு அளவில் சட்டம் 420, ஓட்டை 210. சரியாக நடு. சின்ன அளவைப் பார்த்தாள். சட்டம் 388, ஓட்டை அதே 210.

என்ன நடந்தது என்று நொடியில் விளங்கிவிட்டது. எலி முதலில் நடு அளவைத்தான் வரைந்திருக்கிறாள். 'இந்த ஓட்டை நடுவில் இருக்கட்டும்' என்று சொல்வதற்குப் பதிலாக அவசரத்தில் 210 என்று எண்ணை அடித்துவிட்டாள். அந்த அளவுக்கு 210தான் நடு, அதனால் கண்ணுக்குத் தெரியவில்லை. மற்ற இரண்டு அளவிலும் சட்டம் நீண்டும் குறுகியும் போக, ஓட்டை மட்டும் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டது. பதினேழு வருடத்துக்கு முன்னால் டயர் கடை மாடியில் ஸ்கேல் செய்த அதே தப்பு!

உண்மையைச் சொன்னால், அவளுக்கு அப்போது வந்தது சந்தோஷம். அப்படி ஒரு சந்தோஷம் அவளுக்குப் பல வருடமாக வந்ததில்லை. சிவப்புப் பேனா கையில் இருந்தது. ஒரு வட்டம் போட்டு எலியைக் கூப்பிட்டால் முடிந்தது. எலி, "ஐயோ, நல்லவேளைக்கா!" என்று சிரித்துக்கொண்டே இரண்டு நிமிடத்தில் திருத்திக்கொண்டு போய்விடுவாள். யாருக்கும் தெரியாது. பெரியசாருக்கும் தெரியாது.

எப்படியும் ஒர்க்‌ஷாப்பில் ஒவ்வோர் அளவிலும் முதலில் ஒரு சாம்பிள் செய்வார்கள். அது ஒழுங்காகப் பொருந்தாது. அப்போது எல்லோர் முன்னாலும் தெரியட்டுமே. ஒரே ஒரு சாம்பிள் வீணாகும், அவ்வளவுதானே? எந்தப் பிள்ளையும் அதில் உட்காரப்போவதில்லையே? இப்படி ஒவ்வொன்றாகத் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு, பச்சைப் பேனாவை எடுத்து நடுக் கட்டத்தில் கையெழுத்தைப் போட்டாள். பிறகு ஒரு செம்பு தண்ணீரை நின்றபடியே குடித்தாள்.

புதன்கிழமை மதியம் சாப்பாட்டு அறையில் ஒர்க்‌ஷாப் ஃபோர்மேன் எதிரே வந்து உட்கார்ந்தார். பாதுகாப்புக் கண்ணாடியை எப்போதும் நெற்றியில் ஏற்றி வைத்திருக்கிற மனிதர்.

"நடு சைஸ் சாம்பிள் முடிச்சாச்சும்மா. அல்வாத்துண்டு மாதிரி மடங்குது. மத்த ரெண்டு சைஸுக்கும் சாம்பிளே வேணாம்னுட்டார் பெரியசார். ஒரே மாடல்தானே, நம்பர் மட்டும்தானே வேறங்கறார். நாளைக்குக் காலையில முந்நூத்தி எண்பது சட்டத்துல டிரில் போட ஆரம்பிக்கிறோம்."

ஸ்கேல் கையிலிருந்த கவளத்தை டப்பாவிலேயே போட்டாள். பாதிச் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு மாடிக்கு ஏறினாள். 'எலியிடம் சொல்லிவிடலாம், இப்போதுதான் கவனித்தேன் என்று சொன்னால் போகிறது' என்று மனதுக்குள் வாக்கியத்தைத் தயார் செய்துகொண்டே ஏறினாள். மேலே எலியைச் சுற்றி ஒரு கும்பல். இவளைப் பார்த்ததும் எலி ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா! சார் என்னை ரெண்டு மாச டிரெயினிங்குக்கு அனுப்பறாராம்! திரும்பி வந்ததும் குழந்தைங்க பொருளுக்குத் தனிப் பிரிவு, அதுக்கு நான்தானாம்! முதல்ல உன்கிட்டதான் சொல்லணும்னு இருந்தேன்..."

அங்கே இருந்த ஜன்னல் கம்பிக்குக்கூட அந்தச் செய்தி ஏற்கெனவே தெரிந்திருந்தது. இவளுக்குக் கடைசி. தயார் செய்த வாக்கியம் நாக்கு வரை வந்தது, வந்த வழியே திரும்பிப் போய்விட்டது.

"நல்லதும்மா" என்றாள். 

வியாழக்கிழமை விடியும்போதே எழுந்துவிட்டாள். அன்றைக்கென்று கம்பெனி வேன் தாமதம். வாசலில் இறங்கியதும் மாடிக்குப் போகாமல் நேரே ஒர்க்‌ஷாப்புக்கு ஓடினாள். அவ்வளவு உயரமான பெண்மணி புடவைக் கொசுவத்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுவதைப் பார்த்து வெல்டிங் ஆட்கள் வேலையை நிறுத்திவிட்டு நின்றார்கள்.

"நிறுத்துங்க! டிரில்லை நிறுத்துங்க!"

அறுபது சட்டத்தில் ஐம்பத்திரண்டு முடிந்திருந்தது. ஃபோர்மேன் இரண்டை எடுத்து ஓர் ஆணியில் கோத்து விரித்துப் பார்த்தார். மேல்பக்கம் வாயைப் பிளந்தது, கீழ்பக்கம் குறுகியது. அதில் சக்கரத்தை மாட்டினால் இரண்டும் ஆளுக்கொரு திசையைப் பார்த்துச் சாய்ந்து நிற்கும்.

"எப்படிம்மா கண்டுபிடிச்சீங்க?" என்றார்.

"விடியக்காலம் முழிப்பு வந்துச்சு. யோசிச்சப்ப தோணுச்சு" என்றாள் ஸ்கேல். பொய் அவ்வளவு சுலபமாக வரும் என்று அவளே எதிர்பார்க்கவில்லை.

அந்தச் சட்டக் குழாய் தனியாகச் சொல்லி வரவழைத்த ரகம். மறுபடி வர ஐந்து வாரம். முப்பது பெரிய நாற்காலிகள் ஐந்து வாரம் தள்ளிப்போயின. பள்ளிக்கூடத்திலிருந்து பேசிய தலைமையாசிரியை கோபப்படக்கூட இல்லை, "பிள்ளைங்ககிட்ட தேதி சொல்லிட்டேனே" என்று மட்டும் சொன்னார் என்று பெரியசார் வந்து சொன்னார்.

மத்தியானம் விசாரணைக் கூட்டம். எலி எழுந்து நின்றாள். முகம் வெளுத்திருந்தது.

"தப்பு என்னுது சார். நடுன்னு சொல்லாம நம்பரை அடிச்சிட்டேன். பாலபாடம் அது. அக்கா மேல ஒண்ணும் இல்ல. ஒரே நாள்ல முப்பத்திரெண்டு ஷீட்டைக் குடுத்தா கண்ணு என்ன மெஷினா? அப்பவும் அக்காதான் ஓடிப்போய் நிறுத்தினாங்க. இல்லன்னா சின்ன சைஸும் போயிருக்கும்."

பெரியசார் ஸ்கேல் பக்கம் திரும்பி, "நல்லவேளை, நீ இருந்தே" என்றார். யாரோ தட்ட ஆரம்பிக்க, அறையே தட்டியது. அவளுக்காக அந்த அறை கைதட்டியது அதுதான் முதல் தடவை. இத்தனை வருடமாக ஏங்கியது கையில் வந்து விழுந்தபோது வாயில் மண்ணை அள்ளிப்போட்டது மாதிரி இருந்தது. எலியின் டிரெயினிங் ரத்தானது. நாலு நாள் கழித்துப் பெரியசார் கூப்பிட்டு, "அவளுக்குப் பதிலா நீ போயிட்டு வா. தனிப் பிரிவையும் நீயே பார்த்துக்கோ" என்றார்.

வீட்டில் வந்து சொன்னாள். கணவர் மருந்துச் சீட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார். "நினைச்சதெல்லாம் நடந்திருக்கு. ஏன் மூஞ்சி விளக்கெண்ணெய் குடிச்ச மாதிரி இருக்கு?" என்றார். அவரிடம் முழுதையும் கொட்டினாள். அவர் கையிலிருந்த சீட்டைக் கீழே வைத்தார். பிறகு, "தப்பான மருந்து சீட்டுல எழுதியிருந்து, அது தெரிஞ்சே நான் எடுத்துக் குடுத்தா, டாக்டர் மேல பழியைப் போட்டுட்டு நான் படுத்துத் தூங்க முடியுமா?" என்று கேட்டுவிட்டு, மறுபடி சீட்டுகளை அடுக்க ஆரம்பித்தார்.

மறுநாள் மாலை வேன் தெருமுனையில் இறக்கிவிட்டது. இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நடந்தார்கள். எலி ஏதோ பேசிக்கொண்டே வந்தாள். "நீ போறதுல எனக்கு வருத்தமே இல்லக்கா. வேற யாராவது போயிருந்தாத்தான்..." என்றாள்.

ஸ்கேல் நின்றுவிட்டாள். "நான் அதைப் பார்த்தேன்டி."

"எதை?"

"ஓட்டையை. கையெழுத்துப் போடும்போதே பார்த்தேன். பார்த்துட்டுத்தான் போட்டேன். நீ எல்லார் முன்னாலயும் தலைகுனியணும்னு போட்டேன்."

எலியின் முகத்தில் முதலில் ஒன்றும் வரவில்லை. வேறு மொழியில் யாரோ பேசியது மாதிரி பார்த்தாள். பிறகு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"எந்தக் கிழமையிலேருந்து தெரியும்?"

"திங்கட்கிழமை."

எலி விரல் மடக்கி எண்ணினாள். திங்கள், செவ்வாய், புதன். பிறகு தெருவைக் கடந்து எதிர் ஓரத்துக்குப் போய் நடந்தாள். அவ்வளவு குறுகின தெருவில் அந்த ஓரத்துக்கும் இந்த ஓரத்துக்கும் கை நீட்டினால் தொட்டுவிடலாம். இருந்தும் வீட்டு வாசல் வரை அவள் இந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

பெரியசாரிடமும் மறுநாள் போய்ச் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டிக்கொண்டார், மறுபடி கழற்றினார். "தெரியாம விடறவங்களை எனக்குப் புரியும். தெரிஞ்சு விட்டவங்க கையெழுத்தை இனி நான் எப்படி நம்பறது?" என்றார். வேலையை விட்டு அனுப்பவில்லை. கீழே ஒர்க்‌ஷாப்பில், செய்து வருகிற பாகங்களை அளந்து பார்க்கிற வேலைக்கு மாற்றினார். டிரெயினிங்குக்கு யாருமே போகவில்லை.

கீழே சத்தம் அதிகம், வெயில் அதிகம், எண்ணெய்ப் பிசுக்கு புடவையிலிருந்து போகாது. விஷயம் தெரிந்த நாளிலிருந்து ஃபோர்மேன் ஒரு மாதம் அவளோடு அளந்து அளந்துதான் பேசினார். மாடியில் எலி குழந்தைகள் நாற்காலியைத் திருத்தி முடித்தாள். பள்ளிக்கூடத்துக்கு லாரி போனபோது ஸ்கேல் கீழே நின்று ஒவ்வொரு சட்டத்தையும் இரண்டு தடவை அளந்து ஏற்றிவிட்டாள். அடுத்த வருடம் எலி டிரெயினிங்குக்குப் போய்வந்தாள். மாடி மூலையில் ஒரு தடுப்பு வைத்து அவளுக்குத் தனி அறை கொடுத்தார்கள். எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்று அலுவலகமே கிண்டல் செய்தது. ஸ்கேலுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே பழைய எரிச்சலும் வந்தது. தண்டனை வாங்கினால் பொறாமை போய்விடும் என்று அவள் நினைத்திருந்தாள். எங்கே போகும்? அது வாடகை கொடுக்காத குடித்தனக்காரன் மாதிரி, காலி செய் என்றால் கதவைச் சாத்திக்கொள்கிறது.

வீட்டில் கணவருடைய கம்ப்யூட்டரில் அவளும் ஒரு நாற்காலி வரைந்து பார்த்தாள். கோடு போடாமல் உறவு போட்டு, இரண்டு மாதம். அகலத்தை மாற்றினால் நாற்காலி மாறியது. ஆனால் எலி போட்டதில் பாதி அழகுகூட இல்லை, கைப்பிடி மட்டும் எப்போதும் முரண்டு பிடித்தது. அதை யாருக்கும் காட்டவில்லை.

இரண்டு அம்மாக்களுக்கும் ஒன்றும் தெரியாது. எலி வீட்டில் மூச்சு விடவில்லை. "ரெண்டு பேரும் ஏன்டி பேசிக்கறதில்ல?" என்று சித்தி கேட்டதற்கு, "ஆபீஸ்ல டிபார்ட்மென்ட் மாறிடுச்சு, பார்க்கவே முடியறதில்ல" என்று சொல்லியிருக்கிறாள். அதைக் கேள்விப்பட்ட அன்றைக்கு ஸ்கேல் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

பதினாலு மாதம் கழித்து, எலி வரைந்த ஒரு நடைவண்டியின் முதல் சாம்பிள் கீழே வந்தது. திரையில் பார்த்தால் குற்றமே சொல்ல முடியாது. ஆனால் பின்சக்கர நட்டைத் திருகப் போன ஆள் திருதிருவென்று விழித்தான். நட்டு இருக்கிறது, ஸ்பானர் நுழைய இடமில்லை. ஃபோர்மேன், "மாடிக்குப் புகார் எழுதவா?" என்று கேட்டார். ஸ்கேல் வேண்டாம் என்று கையைக் காட்டினாள். இந்தத் தடவை மூன்று நாள் காத்திருக்கவில்லை. ஒரு துண்டுத்தாளை எடுத்து, 'ஸ்பானர் திரும்ப முப்பது மில்லி இடம் வேணும். பக்கச் சட்டத்தை வெளியே தள்ளினால் போதும். இன்னும் பெரியசார் பார்க்கவில்லை' என்று எழுதி அனுப்பினாள்.

கால்மணி நேரத்தில் எலி தானே இறங்கி வந்தாள். ஸ்பானரை வாங்கி அவளே நுழைத்துப் பார்த்தாள். நுழையவில்லை.

"கம்ப்யூட்டர்ல நட்டுதான் இருக்கு, கை இல்லையே" என்றாள் ஸ்கேல் மெதுவாக.

எலி அவளைப் பார்க்கவில்லை. நட்டைப் பார்த்துக்கொண்டே, "இனிமே எதையும் முடிக்கறதுக்கு முன்னாடி கீழ வந்து காட்டறேன். பார்த்துச் சொல்லு" என்றாள். அக்கா என்று சொல்லவில்லை. அந்த வார்த்தை திரும்பி வர இன்னும் மூன்று மாதம் ஆனது. ஒரு நாள் மழையில் வேன் வராமல், தொழிற்சாலைக் கூரைக்கடியில் இருவரும் ஒண்டி நின்றபோது, "நகரேன்க்கா, நனையுது" என்று தன்னை அறியாமல் சொன்னாள். ஸ்கேல் சட்டென்று நகர்ந்தாள். இருவரும் மழையையே பார்த்தார்கள்.

போன மாதம் அந்தப் பள்ளிக்கூடத்திலிருந்து சில பிள்ளைகளும் பெற்றோரும் தொழிற்சாலையைப் பார்க்க வந்தார்கள். ஒரு பெண்குழந்தை தன் நாற்காலியைத் தானே மடக்கி விரித்துக் காட்டியது. அதன் அம்மா, "இதை வரைஞ்சது யாருங்க?" என்று கேட்டு, எலியின் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பெரியசார் போட்டோ எடுத்தார். ஸ்கேல் அளவுக் கருவியைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டடி தள்ளி நின்றாள்.

எல்லோரும் போன பிறகு எலி பக்கத்தில் வந்து, "என்னக்கா, ஒரு மாதிரி நிக்கறே?" என்றாள்.

ஸ்கேல் அன்றைக்கு மறைக்கவில்லை. "வயிறு எரியுதுடி" என்றாள்.

எலி ஒரு கணம் திகைத்தாள். பிறகு வாய்விட்டுச் சிரித்தாள். "ரொம்ப எரியுதா? சோடா வாங்கித் தரவா?"

"ரெண்டு வாங்கு" என்றாள் ஸ்கேல்.

இருவரும் கேட்டுக்கு வெளியே இருந்த கடைக்குப் போய் ஆளுக்கொரு சோடா குடித்தார்கள். எரிச்சல் முழுதும் அடங்கிவிட்டதா என்றால் இல்லை. ஆனால் அதை வெளியே சொல்லிவிட்ட பிறகு, அன்று மாலை ஸ்கேல் மீதமிருந்த இருபத்தேழு பாகங்களையும் அளந்து முடித்து, ஒழுங்காகக் கையெழுத்துப் போட்டுவிட்டு வேனில் ஏறினாள். எலி ஜன்னலோரத்தில் உட்கார்ந்துகொண்டு பக்கத்து இடத்தை அவளுக்குப் பிடித்து வைத்திருந்தாள். ஜன்னலை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை.